மங்கல் வழிபாட்டிற்கு ஒரு மறுப்புரை

பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்றைக் கைக்கொண்டவர் எவரும் ஓராண்டுக்குள் ஒரு கேள்வியிடம் வந்து நிற்பார். கேமராவோடு வந்த 50 மி.மீ. லென்ஸ் தெருவுக்கும் திருவிழாவுக்கும் போதும். முகங்களை எடுக்க அதைவிடச் சற்று நீண்ட ஒன்று வேண்டும். 85, 90, 100 மி.மீ. எனப் பழைய சந்தையில் கிடைக்கும் குறுந்தொலை லென்ஸ்களுள் எதை வாங்குவது? நம் நண்பர் வட்டத்தில் இக்கேள்விக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான். "துளை எஃப்/2-ஆவது இருக்க வேண்டும். பின்புலம் கரைந்து போக வேண்டும். கரையாவிட்டால் அது என்ன முகப்படம்?" இவ்விடையைச் சொல்பவர்கள் அதை ஒரு கருத்தாகச் சொல்வதில்லை, ஐயத்திற்கு இடமில்லாத ஒரு விதியாகவே சொல்கிறார்கள்.

அவ்விதியை நாம் மறுக்கிறோம். நம் கட்சி இது: குறுந்தொலை லென்ஸ் நமக்குத் தரும் பயன் தூரம். மங்கல் அதன் பக்க விளைவு. பக்க விளைவையே மருந்தென்று கொண்டவர்கள் லென்ஸையும் தவறாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், படத்தையும் இழக்கிறார்கள். எஃப்/4, எஃப்/3.5 என்று விலைப்பட்டியலின் அடியில் எவரும் சீந்தாமல் கிடக்கும் 'மெதுவான' லென்ஸ்களே பழைய ரேஞ்ச்ஃபைண்டருக்கு உரியவை. முரணாகப் பேச வேண்டும் என்ற ஆசையால் இதைச் சொல்லவில்லை. நாமும் எதிர்க்கட்சியில் இருந்தவர்களே. அதற்குரிய விலையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர்கள்.

ஒரு சுருள், முப்பத்தாறு படங்கள்

முதுகலை வகுப்பில் நமக்கு இலக்கணம் கற்பித்த பேராசிரியர் ஓய்வுபெற்றுத் தம் ஊரில் வாழ்ந்து வந்தார். எண்பதைக் கடந்தவர். அவர் வழக்கமாக அமரும் நாற்காலிக்குப் பின்னே, அரை மீட்டர் தள்ளி, சுவர் முழுவதும் நூலடுக்கு. உரைநூல்களின் பழம்பதிப்புகள், தாமே தைத்து அட்டை கட்டிய சிற்றிதழ்த் தொகுதிகள், முதுகில் தம் கையால் பெயர் எழுதி வைத்த குறிப்பேடுகள். ஐம்பது ஆண்டு உழைப்பு அந்தச் சுவரில் இருந்தது. ஐயாவை ஒருமுறையேனும் ஒழுங்காகப் படமெடுத்துவிட வேண்டும் என்று எண்ணினோம். அதற்கென்றே ஓர் 85 மி.மீ. எஃப்/2 லென்ஸை வாங்கினோம். அப்போது நம்மிடம் இருந்த கேமரா சோர்க்கி-4.

சென்றோம். ஒன்றேகால் மீட்டர் தொலைவில் அமர்ந்து, துளையை முழுவதும் திறந்து, ஒரு சுருளை முடித்தோம். "என்னப்பா, இவ்வளவு கிட்ட வந்து உட்கார்ந்துட்டே?" என்று ஐயா சிரித்தார். அச்சிரிப்பில் ஒரு திருத்தமும் இருந்தது. வகுப்பில் அவர் தவறுகளைச் சுட்டும் முறையும் அதுவே. அன்று நமக்கு உறைக்கவில்லை.

சுருளைக் கழுவி அச்சிட்டபோது முப்பத்தாறில் நான்கு படங்களில்தான் கண் கூர்மையாக விழுந்திருந்தது. மற்றவற்றில் காது, சட்டைக் கழுத்து, ஒன்றிரண்டில் மூக்கு நுனி. அந்த நான்கிலும் நூலடுக்கு இல்லை. அது இருந்த இடத்தில் கருமையும் சாம்பலுமாகச் சில பட்டைகள். நண்பர்கள் அந்த நான்கையும் வாங்கிப் பார்த்து, "பின்னால் எப்படிக் கரைந்திருக்கிறது பாருங்கள்" என்று பாராட்டினார்கள். நாமும் மகிழ்ந்தோம்.

ஏழு மாதம் கழித்து ஐயா மறைந்தார். வீட்டார் சுவரில் மாட்டத் தேர்ந்தெடுத்தது நம் படத்தை அன்று. பேத்தி கைப்பேசியில் எடுத்த ஒன்றை. அதில் ஐயா சிரிக்கிறார். பின்னால் அடுக்கு முழுவதும் தெரிகிறது. அதற்குள் அந்த அடுக்கும் கலைந்துவிட்டது. நூலகத்திற்குச் சில, உறவினர்க்குச் சில, எடைக்குச் சில. அவருடைய குறிப்பேடு ஒன்றைத் தேட வேண்டிய நிலை பின்னர் நமக்கு வந்தது. அது அடுக்கில் எங்கே, எவற்றோடு இருந்தது என்று அறிந்தால் யார் கைக்குப் போயிருக்கும் என்று ஊகிக்கலாம். நம் நான்கு படங்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். பட்டைகள். பேத்தியின் படத்தில்தான் அக்குறிப்பேடு மூன்றாம் தட்டில், இரண்டு சிற்றிதழ்த் தொகுதிகளுக்கு நடுவே இருந்தது.

குற்றம் லென்ஸைச் செய்தவரிடம் இல்லை, விற்றவரிடமும் இல்லை. தேர்வு நம்முடையது. அது எங்கெங்கே தவறிற்று என்பதை இனிக் காண்போம்.

கருவி போடும் கணக்கு

முதல் தவறு, கருவியின் இயல்பை மறந்தது. எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் காண்பதையே கண்ணும் காண்கிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் அப்படி இல்லை. முன்புறத்தில் சற்று இடைவெளி விட்டு இரண்டு சாளரங்கள். அவை தரும் இரண்டு உருவங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருந்தச் செய்தால் தூரம் அளக்கப்பட்டுவிடுகிறது. நிலஅளவைக்காரர் முக்கோணம் கட்டித் தூரம் காண்பதும் இதே முறைதான். அம்முக்கோணத்தின் அடிப்பக்கம் எவ்வளவு நீளமோ, அவ்வளவு நுட்பம். அடிப்பக்கத்தைச் சாளரத்தின் உருப்பெருக்கத்தால் பெருக்கி வருவதே கருவியின் உண்மையான அளக்கும் திறன்.

சோர்க்கி-4-இல் அது ஏறத்தாழ 38 மி.மீ. திருகுமுறை லைக்காக்களில், எடுத்துக்காட்டாக 1950-இல் வந்த 3எஃப்-இல், 39 மி.மீ. அடிப்பக்கத்தை 1.5 மடங்கு உருப்பெருக்கிப் பார்க்கிறோம், ஏறத்தாழ 58. 1954-இல் வந்த லைக்கா எம்3-இல் ஏறத்தாழ 62.

இனி லென்ஸ் கேட்பது எவ்வளவு என்று பார்ப்போம். கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும் என்றும், ஃபிலிமில் ஒரு புள்ளி 0.03 மி.மீ. வரை பரவினாலும் கூர்மை என்றே கொள்ளலாம் என்றும் வைத்துக்கொண்டு கணக்கிட்டால், 90 மி.மீ. எஃப்/4 லென்ஸ் கேட்பது 20 மி.மீ. 85 மி.மீ. எஃப்/2 கேட்பது 36. அதையே எஃப்/1.5 ஆக்கினால் 48.

"சோர்க்கியில் 38 இருக்கிறதே, 36 போதுமே" என்பார் நண்பர். போதும், கேமரா தொழிற்சாலையிலிருந்து அன்று காலை வந்ததாக இருந்தால், பார்ப்பவர் இருபது வயதினராக இருந்தால். நம் கேமராக்களுக்கு அறுபது, எழுபது வயது. உள்ளிருக்கும் பாதிவெள்ளிக் கண்ணாடி மங்கி, இரண்டாம் உருவம் பழைய வேட்டியின் கரைபோல வெளிறியிருக்கிறது. நம் கண்களும் நாற்பதைத் தாண்டியவை. பிரித்தறியும் கூர்மை பாதியாகக் குறைந்தது என்று கொள்ளுங்கள். லென்ஸ் கேட்பது இரட்டிப்பாகும். எஃப்/2 லென்ஸுக்கு 72 வேண்டும். புகழ்பெற்ற எம்3-இடம்கூட அவ்வளவு இல்லை. எஃப்/4 லென்ஸுக்கு 40 போதும். லைக்காவிடம் தாராளமாக இருக்கிறது. சோர்க்கியும் ஏறத்தாழ எட்டிப் பிடித்துவிடுகிறது.

கூர்மை நிற்கும் ஆழத்தையும் பாருங்கள். ஒன்றேகால் மீட்டரில் 85 மி.மீ. எஃப்/2 லென்ஸ் கூர்மையாகக் காட்டும் பட்டை, முன்னும் பின்னும் சேர்த்து, இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவு. ஐயா ஒரு சொல்லை அழுத்திச் சொல்லும்போது தலையை அசைப்பதே அதைவிட அதிகம். இரண்டு மீட்டரில் 90 மி.மீ. எஃப்/4 லென்ஸுக்கு அப்பட்டை பதினொரு சென்டிமீட்டர். பேசுகிற மனிதர் பேசிக்கொண்டே இருக்கலாம். நாம் படமெடுத்துக்கொண்டே இருக்கலாம். எஃப்/2-இல் எடுப்பவரோ "அசையாதீர்கள்" என்று சொல்ல வேண்டியவர் ஆகிறார். அசையாத மனிதரிடம் எடுப்பதற்கு என்ன இருக்கிறது?

இவற்றையெல்லாம்விடப் பெரிய முரண் ஒன்று உண்டு. ரேஞ்ச்ஃபைண்டரின் சாளரத்தில் மங்கலே தெரியாது. அச்சாளரம் அருகில் உள்ளதையும் தொலைவில் உள்ளதையும் ஒரே தெளிவில் காட்டுவது. பின்புலம் எவ்வாறு கரையும், எந்த ஒளிப்புள்ளி எங்கே பெருகும் என்பது ஃபிலிம் கழுவிய பிறகே தெரியவரும். காணவே முடியாத ஒன்றைக் கருதி ஒரு லென்ஸுக்கு மும்மடங்கு விலை கொடுப்பவரை நாம் என்னென்று அழைப்பது? புத்தகத்தின் அட்டையை மட்டும் தடவிப் பார்த்து வாங்குகிறவரைப் பற்றி இவர்களே எவ்வளவு ஏளனமாகப் பேசுவார்கள்!

பெருந்துளைகள் எதற்குப் பிறந்தன?

எதிர்க்கட்சியினர் வரலாற்றைத் துணைக்கு அழைப்பதுண்டு. "அந்தக் காலத்து மேதைகள் எஃப்/2 செய்தார்களே, காரணமில்லாமலா?" என்பர். காரணம் இருந்தது. அது மங்கல் அன்று.

ஜெர்மனியில் ட்ரெஸ்டனிலிருந்த ட்ஸைஸ் இக்கான் நிறுவனத்தின் கான்டாக்ஸ் கேமராவுக்காக லுட்விக் பெர்ட்டெலெ வகுத்த சோனார் லென்ஸ்கள் 1930-களில் வந்தன. 8.5 செ.மீ. எஃப்/2 சோனார் அவற்றுள் ஒன்று. அக்காலத்து ஃபிலிம்களின் வேகத்தை இன்று நினைத்துப் பார்ப்பதும் கடினம். 1936-இல் 35 மி.மீ. சுருளாக வந்த கோடாக்ரோம் வண்ண ஃபிலிமின் வேகம், இன்றைய அளவில் சொன்னால், ஏறத்தாழ 10. இன்று நாம் கடையில் வாங்கும் கறுப்பு வெள்ளை ஃபிலிம் 400. நாற்பது மடங்கு. அன்று மாலை வெளிச்சத்தில் ஒரு மனிதரைப் படமெடுக்க வேண்டுமானால் துளையைத் திறப்பதைத் தவிர வேறு வழி இல்லை. பெருந்துளை என்பது ஃபிலிமின் ஏழ்மைக்கு லென்ஸ் செலுத்திய ஈடு. ஈடு செலுத்த வேண்டிய கடன் தீர்ந்த பிறகும் அதைச் செலுத்திக்கொண்டிருப்பது பக்தியாக இருக்கலாம், அறிவுடைமை ஆகாது.

சோனாரின் சிறப்பும் வேறிடத்தில் இருந்தது. கண்ணாடிப் பரப்புகளுக்கு மேற்பூச்சுப் பூசும் வழக்கம் பரவாத காலம் அது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஒளி சிதறிப் படம் வெளிறும். பெர்ட்டெலெ பல வில்லைகளை ஒட்டவைத்து மூன்றே தொகுதிகளாக்கினார், பரப்புகள் ஆறாகக் குறைந்தன, படம் திருத்தமாயிற்று. அவர் தேடியது தெளிவை. அவருடைய லென்ஸை நாம் மங்கலுக்காக வாங்குகிறோம்.

ஜப்பானியக் கதையும் இதையே சொல்கிறது. 1950-இல் டோக்கியோவில், லைஃப் இதழோடு தொடர்புடைய இளம் படக்கலைஞர் ஜுன் மிக்கி, 8.5 செ.மீ. எஃப்/2 நிக்கோர் லென்ஸால் அமெரிக்கப் படக்கலைஞர் டேவிட் டக்ளஸ் டங்கனைப் படமெடுத்தார். அச்சைப் பார்த்த டங்கன் வியந்துபோய் அந்த லென்ஸைச் செய்த நிப்பான் கோகாகு நிறுவனத்திற்கே சென்றார். அவ்வாண்டு ஜூனில் கொரியப் போர் மூண்டது. நிக்கோர் லென்ஸ்களோடு போர்முனைக்குப் போனார். 1951-இல் வெளிவந்த 'திஸ் இஸ் வார்!' என்ற அவருடைய நூல் அப்போரின் அழியாச் சான்றுகளுள் ஒன்று. ஒரு குறுந்தொலை லென்ஸ் உலகப் புகழ் பெற்ற கதை இது. டங்கனை வியக்க வைத்தது எது? அச்சின் கூர்மை. பின்புலம் கரைந்த அழகை யாரும் பேசவில்லை.

மங்கலுக்கென்றே பிறந்த லென்ஸும் ஒன்று இருந்தது, மறைக்கவில்லை. 1935-இல் லைட்ஸ் நிறுவனம் வெளியிட்ட 9 செ.மீ. எஃப்/2.2 தம்பார். நடுவே கரும்புள்ளி இட்ட கண்ணாடித் தகடு ஒன்றை முன்னால் பொருத்தி, ஒளியைச் சிதறவிட்டு, முகத்தைப் பனிமூட்டத்தில் காட்டுவது. அன்று குறைந்த எண்ணிக்கையில்தான் விற்றது. அதே லென்ஸை லைக்கா நிறுவனம் 2017-இல் மறுபடி செய்து பெருவிலைக்கு விற்றது. அன்று வேண்டுவோர் சிலராக இருந்த பொருளுக்கு இன்று கிடைக்கும் மரியாதை, அரிது என்பதற்கான மரியாதை. அரிய பதிப்பும் நல்ல பதிப்பும் ஒன்றல்ல என்பதை இலக்கிய வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

முதற்பொருள் இல்லாத முகம்

இதுவரை பேசியது கருவியை. உண்மையில் நமக்கு வலிப்பது வேறு.

தொல்காப்பியம் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மூன்றனுள் உரிப்பொருளே சிறந்தது என்பர் உரையாசிரியர். உடன்படுகிறோம். படத்திலும் முகமே சிறந்தது. ஆனால் சிறந்தது என்றால் தனித்தது என்று பொருளன்று. நெய்தலின் மணலையும் எற்பாட்டையும் அழித்துவிட்டு இரங்கலை மட்டும் எழுதிக் காட்டச் சொன்னால் எந்தப் புலவன் எழுதுவான்? ஒரு மனிதனின் நிலத்தையும் பொழுதையும் கரைத்துவிட்டு, மிதக்கும் தலை ஒன்றை மட்டும் மீதம் வைப்பதை நாம் எவ்வாறு 'உருவப்படம்' என்று அழைக்கத் துணிந்தோம்?

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் பெயரோடு பிரிக்க முடியாத பெயர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன். 1944-இல் வான்ஸ் நகரில் அவர் எடுத்த ஓவியர் மத்தீஸின் படத்தைப் பாருங்கள். தலைப்பாகை கட்டிய முதியவர் ஒரு கையில் புறாவைப் பிடித்து மறுகையால் வரைகிறார். பக்கத்தில் கூண்டுகள், அவற்றின் மேல் வேறு புறாக்கள். கூண்டுகளைக் கரைத்துவிட்டால் அங்கே யார் எஞ்சுவார்? 1946-இல் பாரிஸின் ஆர்ட்ஸ் பாலத்தின் மேல் நிற்கும் சார்த்தரின் படத்தில் பின்புலம் மங்கலாகத்தான் இருக்கிறது. அது பாலத்தின் மேல் இறங்கிய மூடுபனி. அங்கே மங்கலும் ஊருக்கு உரியது, லென்ஸுக்கு உரியதன்று.

அவர் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸைக் கையாண்டவர். அவ்வாறாயின் குறுந்தொலை லென்ஸே எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை, முன்பே சொன்னதுபோல, தூரம். முகத்தின் அளவொழுங்கைத் தீர்மானிப்பது லென்ஸ் அன்று. நாம் நிற்கும் தூரம். ஒரு மீட்டருக்குள் நெருங்கினால் மூக்கு பெருக்கும், காது ஒதுங்கும். இரண்டு மீட்டர் விலகினால் முகம் தன் இயல்புக்கு வந்துவிடும். அந்த இரண்டு மீட்டரிலிருந்து 90 மி.மீ. லென்ஸ் தலைமுதல் மார்புவரை சட்டகத்தை நிறைக்கிறது. நம் மரபில் ஆசிரியர் முன்னே மாணவன் அமரும் தொலைவும் ஏறத்தாழ அதுவே. "இவ்வளவு கிட்ட வந்து உட்கார்ந்துட்டே" என்று ஐயா சொன்னதன் பொருள் நமக்குப் பிறகே விளங்கிற்று.

பின்புலத்திற்கும் ஓர் எளிய கணக்கு உண்டு. துளையின் விட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்திற்கும் பின்சுவருக்கும் உள்ள இடைவெளியை, நமக்கும் முகத்திற்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, அதனோடு பெருக்குங்கள். சுவரில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் அவ்வளவு அகலத்திற்குப் பரவும். 85 மி.மீ. எஃப்/2-இன் துளை 42.5 மி.மீ.; ஒன்றேகால் மீட்டரில் நாம், அரை மீட்டர் பின்னே அடுக்கு; ஒவ்வொரு புள்ளியும் 17 மி.மீ. பரவியது. நூலின் முதுகே அவ்வளவுதான் இருக்கும். 90 மி.மீ. லென்ஸை எஃப்/8-க்குச் சுருக்கினால் துளை 11 மி.மீ. சொச்சம், இரண்டு மீட்டரில் அமர்ந்தால் பரவல் 3 மி.மீ.-க்குள் அடங்கும். குறிப்பேட்டின் முதுகில் ஐயா பெரிதாக எழுதிய பெயரைப் படித்திருக்கலாம்.

மூன்று எதிர்வாதங்கள்

முதலாவது: "எஃப்/2 லென்ஸையும் எஃப்/8-க்குச் சுருக்கலாமே." சுருக்கலாம். யாராவது சுருக்கக் கண்டிருக்கிறீர்களா? கொடுத்த விலை, துளை வளையத்தை எஃப்/2-லேயே பிடித்து நிறுத்துகிறது. அப்படிச் சுருக்கியே எடுக்கும் துறவி ஒருவர் இருப்பாராயின், அவர் தேவையற்ற எடையையும் விலையையும் சுமக்கிறார் என்பதன்றி வேறு குறை சொல்ல மாட்டோம்.

இரண்டாவது: "வெளிச்சம் போதாத இடத்தில் என்ன செய்வீர்?" இவ்வாதத்திற்கு வலு உண்டு. இரவில், மேடையில், விளக்கொளியில் எடுப்பதே தொழிலாக உள்ளவர்க்கு எஃப்/2 தேவை. அவர் நீண்ட அடிப்பக்கம் கொண்ட கேமராவைத் தேடட்டும். கான்டாக்ஸ் 2-க்கும், போருக்குப் பின் ஜெர்மன் இயந்திரங்களைக் கொண்டு சோவியத் நாட்டில் பிறந்த கீவ் கேமராக்களுக்கும் 90 மி.மீ. அடிப்பக்கம் உண்டு. ஆனால் பகலில் திண்ணையில் அமர்ந்த ஒருவரை 400 ஃபிலிமில் எடுப்பவர்க்கு இவ்வாதம் உதவாது.

மூன்றாவது: "இந்தப் பழைய லென்ஸ்களை நாங்கள் டிஜிட்டல் மிரர்லெஸ் கேமராக்களில் பூட்டுகிறோம்." அங்கே லென்ஸ் காண்பதைத் திரையிலேயே காணலாம்; உருப்பெருக்கிக் கூர்மை பார்க்கலாம். கருவியின் கணக்கு பற்றி நாம் சொன்னது உங்களைக் கட்டாது. முதற்பொருள் பற்றிச் சொன்னது கட்டும்.

எதை வாங்குவது?

மறுப்பதோடு நிறுத்துவது எளிது. வாங்குவோர்க்கும் சில சொல்ல வேண்டும்.

லைக்கா திருகுமுறை கேமரா உடையோர்க்கு முதற்பரிந்துரை லைட்ஸ் 9 செ.மீ. எஃப்/4 எல்மார். 1931-இல் வந்தது, மாக்ஸ் பெரெக்கின் வடிவமைப்பு, நான்கே வில்லைகள். பல பத்தாண்டுகள் பெருந்தொகையாகச் செய்யப்பட்டதால் அரிதன்று. ஆகவே சேகரிப்போர் தீண்டார். ஆகவே விலை நம் கைக்கு எட்டும். இரண்டாவது கேனன் 100 மி.மீ. எஃப்/3.5. சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் அளவில் சிறியது. கான்டாக்ஸ், கீவ் உடையோர்க்கு மூன்று வில்லைகள் கொண்ட 8.5 செ.மீ. எஃப்/4 ட்ரியோட்டார் உண்டு. எம் வரிசை லைக்கா உடையோர் திருகுமுறை லென்ஸை 1 மி.மீ. தடிப்புள்ள வளையத்தால் பூட்டிக்கொள்ளலாம். சாளரத்தில் 90 மி.மீ. சட்டகத்தை எழுப்பும் வளையமாகப் பார்த்து வாங்க வேண்டும். திருகுமுறைக் கேமராக்களின் சாளரம் 50 மி.மீ.-க்கே உரியது என்பதால் மேலே செருகும் தனிச் சாளரம் ஒன்றும் தேவைப்படும். அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

வாங்குமுன் லென்ஸின் பின்னிருந்து கைவிளக்கை அடித்துப் பாருங்கள். தூசி கேடன்று. பால்போன்ற படலமும், வேர்போலப் படரும் பூஞ்சையும் கேடு. ஒட்டிய வில்லைகளின் ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் பசை விடுகிறது என்று பொருள். மூன்று மூன்றாக ஒட்டப்பட்ட சோனார் குடும்பத்தில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். போருக்கு முந்தைய பூச்சில்லாத லென்ஸ் என்றால் ஒளிமறைப்புக் குழலைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

சோவியத் லென்ஸைப் பற்றித் தனியே ஒரு சொல். லைக்காவின் தூரமளக்கும் ஏற்பாடு 51.6 மி.மீ. லென்ஸை அளவுகோலாகக் கொண்டது. சோவியத் லென்ஸ்கள் ட்ஸைஸ் வழிவந்த சற்றே வேறான அளவுகோலைப் பின்பற்றின என்பது பழுதுபார்ப்போரிடையே பரவலான கருத்து. 50 மி.மீ.-இல் கண்ணுக்குப் படாத அவ்வேறுபாடு, 85 மி.மீ. எஃப்/2-இல் அருகிலிருந்து எடுக்கும்போது மூக்கையும் காதையும் இடம் மாற்றிவிடும். ஆகவே எந்த லென்ஸாயினும் உங்கள் கேமராவிலேயே பூட்டிச் சோதியுங்கள். மேசைமேல் ஐந்து நூல்களைப் பத்துப் பத்து சென்டிமீட்டர் பின்தள்ளிப் படிக்கட்டுபோல நிறுத்தி, நடுநூலின் எழுத்துக்குக் குவித்து, துளையைத் திறந்து எடுத்துப் பாருங்கள். எந்த நூல் கூர்மையாக வருகிறதோ அதுவே உங்கள் லென்ஸின் வாக்குமூலம்.

நாம் அந்த 85 மி.மீ. லென்ஸை விற்றுவிட்டோம். இப்போது இருப்பது பூச்சில்லாத, பித்தளை தெரியத் தேய்ந்த ஓர் எஃப்/4 எல்மார். அதைக்கொண்டு இதுவரை ஆறு முதியவர்களை அவரவர் வீட்டில், அவரவர் நாற்காலியில், இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்து எடுத்திருக்கிறோம். நண்பர்களிடம் காட்டினால் "பின்னால் எல்லாம் தெரிகிறதே" என்று குறைப்படுகிறார்கள். தெரிகிறது. ஒருவர் வீட்டுச் சுவரில் 1974-ஆம் ஆண்டு நாட்காட்டி ஒன்று இன்றும் தொங்குகிறது; மற்றொருவரின் மேசையில் மூக்குக்கண்ணாடிகள் மூன்று. ஏன் என்று கேட்டோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னார்கள்.

உங்களுக்கும் ஓர் ஆசிரியர் இருப்பார். அவர் பின்னேயும் ஓர் அடுக்கு இருக்கும். அடுத்த விடுமுறைக்குள் போய் வாருங்கள். துளையைச் சுருக்கிக்கொள்ளுங்கள், சற்றுத் தள்ளி உட்காருங்கள்.